சைக்கிளுக்கு மோட்டார் கேட்ட மகனுக்கு

அன்புள்ள குமாருக்கு,

நலம், நலமறிய ஆவல். சைக்கிளில் மோட்டார் மாட்ட என்ன செலவாகும் என்று அம்மாவிடம் கேட்டாயாமே. இத்தனை வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். என்னிடமே கேட்டிருக்கலாம். போகட்டும்.

முன் சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார், 250 வாட்டுக்குள் ஒன்று போதும். வேகமும் 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் பதிவு, லைசென்ஸ் எதுவும் வேண்டியதில்லை. 500 வாட் என்று ஆசை காட்டுவார்கள், வாங்காதே. போலீஸ் நிறுத்தினால் உனக்குப் பேச வராது, என்னைப் போலத்தான்.

என் பழைய சைக்கிளையே எடுத்துக்கொள்கிறேன் என்றாயாம். அது வேண்டாம். கம்பி பிரேக், மழையில் ரிம் நனைந்தால் பிடிக்காது. மோட்டார் கிட்டோடு வரும் பிரேக் லீவரைத் தொட்டாலே மோட்டார் நின்றுவிடும், ஆனால் அது கேபிள் பிரேக்குக்குத்தான் சரிப்படும். கேபிள் பிரேக் வண்டியாகப் பார். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் கூடாது. மோட்டார் முன்னால் தள்ளத் தள்ள அதன் அச்சு, அதான் ஆக்சில், பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். நட்டு தளர்ந்தால் வயரை முறுக்கி அறுத்துவிடும், சக்கரமே கழன்றாலும் கழலும். அதற்குத்தான் டார்க் ஆர்ம் என்று ஒரு பட்டை வருகிறது. பாதிப் பேர் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஆக்சில் உட்காராவிட்டால் ஃபோர்க் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் ராவு, இரண்டு பக்கமும் சமமாக. எட்டாவது படிக்கும்போதே என்னைவிட நன்றாகச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக்சிலிலிருந்து வரும் வயரை நேராக மேலே இழுத்துக் கட்டாதே. கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலே கொண்டுபோ. வயரோடு வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. வேளச்சேரியில் தேங்குகிற தண்ணீரில் மட்டும் இறக்கி ஓட்டாதே.

ஆபீஸ் வண்டி வாசலுக்கே வரும் என்றானே, இப்போது மழையில் சைக்கிள் எதற்கு என்று அம்மா கேட்டாள். உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பேட்டரிதான் எனக்கு ஓடவில்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால், நீயும் மிதித்தால் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் போகும். நீ எழுபது என்றாயாம். பேட்டரியைக் கேரியரில் வைக்கக் கூடாது, அந்த இடம் வேண்டும் என்றும் சொன்னாயாம். எழுபதுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். விலை குறைவு என்று லெட் ஆசிட் எடுத்துவிடாதே, 36 வோல்ட்டுக்கு 12 வோல்ட்டில் மூன்று வேண்டும், மூன்றும் சேர்ந்து பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே. 2 ஆம்பியர் சார்ஜருக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும், விழித்திருக்கும்போதே போடு. ரூம் கதவுப் பக்கம் வைக்காதே. ஏதாவது பற்றிக்கொண்டால் வெளியே வர வழி வேண்டும்.

வல்லத்துப் பெரியப்பா மூடின கடைக்குத் தினமும் சாவியோடு கிளம்புவாரே, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் யாராவது அவரை ஒரு வார்த்தை சொன்னோமா? சும்மா நினைவு வந்தது.

அத்தை மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. தேதி அம்மா சொல்வாள். எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். உன்னைப் பற்றி நான் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். நீ ஒரு போன் செய்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

இந்த மாதம் நீ அனுப்பிய பணத்தை எடுக்கவில்லை. கிட்டுக்கு அது ஆகும், மீதியை நான் போட்டுக்கொள்கிறேன். வண்டியும் இங்கேயே பார்த்து, சக்கரத்தை மாட்டி, கோட்டம் எடுத்து பஸ்ஸில் ஏற்றி விடுகிறேன். அங்கே யாரிடமும் கொடுக்காதே, டார்க் ஆர்ம் போட மாட்டார்கள். ராத்திரி சார்ஜ் விஷயம் மறக்காதே.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், பின்னால் எத்தனை கிலோ சுமை என்பதை மட்டும் எனக்கு உள்ளபடி எழுது. அது தெரியாமல் பேட்டரி வாங்க முடியாது.

அப்பா