மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு

கண்ணா,

போன ஞாயிறு நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ தடதடவென்று படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு கதவு டமாரென்று சாத்தியது, நீ சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாய். எங்கேடா இருக்கிறாய் என்று கேட்டேன். மாடிப்படியில் இருக்கிறேன் சித்தி, ரூமில் மூன்று பேரும் இருக்கிறார்கள், இங்கேதான் பேச முடிகிறது என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. என்னோடு பேச நீ ஏன் படிக்கட்டுக்கு வர வேண்டும்? இத்தனை நாளும் குக்கர் விசிலுக்கு நடுவில், ரூம்மேட்கள் எல்லார் முன்னாலும்தானே என்னோடு பேசியிருக்கிறாய். அன்றைக்கு வேறு யாரோடோ பேசி முடித்த கையோடு எனக்குக் கூப்பிட்டிருக்கிறாய்.

யார் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இதிலும் கேட்கப் போவதில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தர்கிட்ட நிம்மதியா உட்கார்ந்து பேச ஒரு இடம் இல்ல சித்தி" என்றாயே, அது. வாட்ஸப்பில் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்தான். இந்த நியூயார்க்கில் ஜாக்ஸன் ஹைட்ஸிலும், பக்கத்து ஜெர்சி சிட்டியிலும் ஒரு ரூமில் நாலு பேராகத் தங்கியிருக்கிற பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நீ சொன்னதை இந்த ஊர் நூறு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறது தெரியுமா? நான் வந்த புதிதில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தேன். அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை பழைய பாட்டு ரேடியோதான். நியூயார்க்கை நான் தெருவில் தெரிந்துகொண்டதைவிட அந்த ரேடியோவில் தெரிந்துகொண்டது அதிகம்.

முதலில் 'மன்ஹாட்டன்' என்ற பாட்டைக் கேள். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, லாரன்ஸ் ஹார்ட் வரிகள், 1925. ஒரு ஜோடி, கையில் காசில்லை. நயாகராவுக்குப் போகிறவர்கள் போகட்டும், நமக்கு ரயில் செலவு மிச்சம் என்று ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். தள்ளுவண்டிகள் போகிற மாட் தெருவில் ஜூலை மாதம் நடக்கிறார்கள், சப்வே என்கிற சுரங்க ரயிலில் வீசுகிற காற்றைத் தென்றல் என்கிறார்கள், ஊர்க் கோடியில் கடலோரமாக இருக்கிற கோனி ஐலண்டுக்குப் போய் பன்னுக்குள் பலோனி என்ற மலிவான இறைச்சித் துண்டை வைத்துச் சாப்பிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். ஜூலையில் ரூஸ்வெல்ட் அவென்யூ பிளாட்பாரத்தில் நீ நின்றிருக்கிறாயே, அந்தக் காற்று எப்படி அனலாகப் புழுங்கும் என்று உனக்கே தெரியும். அதனால் பலரும் இதைக் குறும்புப் பாட்டு என்று ரசிப்பார்கள். எனக்கு அது அப்படிப் பட்டதே இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வதாகத்தான் கேட்கிறது. பக்கத்தில் அந்த ஆள் இருந்தால் சப்வே காற்றும் தென்றல்தான், அதில் என்ன பொய் இருக்கிறது?

அந்தப் பாட்டில் கோனி ஐலண்ட் வருவது பலோனிக்கு எதுகையாக மட்டும் இல்லை. 1920-இல் ஐந்து சென்ட் டிக்கெட்டில் சப்வே அங்கே போய்ச் சேர்ந்தது. ஊரின் எந்த மூலையில் இருக்கிறவனும் ஐந்து சென்ட்டுக்குக் கடலைப் பார்க்கலாம், இன்னொரு ஐந்து சென்ட் கொடுத்தால் அங்கே நேதன்ஸ் கடையில் ஒரு ஹாட் டாக். 1923-இல் கடலோரமாக, மணலுக்கு மேலே உயர்த்திக் கட்டிய பலகை நடைபாதை வந்தது, போர்டுவாக் என்கிறோமே அதுதான். 1927-இல் சைக்ளோன் என்ற மர ரோலர் கோஸ்டர் வந்தது, ஒரு தடவை ஏற 25 சென்ட், இன்றைக்கும் அதே இடத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னாலேயே, 1897-இல், ஜார்ஜ் டில்யூ என்பவர் அங்கே ஸ்டீபிள்சேஸ் என்று ஒரு பார்க் திறந்தார். அதில் தண்டவாளத்தில் ஓடுகிற மரக்குதிரைகள் உண்டு. ஒரே குதிரையில் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் இருக்கிறவன் முன்னால் இருக்கிறவளைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்துவிடுவான், அதனால் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். இரண்டே ரூமில் எட்டு பேர், அம்மா, பாட்டி, தம்பி தங்கைகள் என்று நெருக்கிக்கொண்டு வாழ்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குதிரை எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். நெருங்கி உட்காரக் காரணம் தேடினார்கள், டில்யூ அந்தக் காரணத்தை டிக்கெட் போட்டு விற்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த மனுஷனுக்கு ஊர் மனசு தெரிந்திருந்தது.

ஆனால் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? கோடை ஞாயிறுகளில் பத்து லட்சம் பேர் வரை வந்திருக்கிறார்கள். வீஜி என்ற பத்திரிகை போட்டோகிராபர் 1940 ஜூலையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பார். மணலே தெரியாது. கண்ணுக்கு எட்டின மட்டும் மனுஷத் தலைகள். தனியாகப் பேச இடம் தேடிக் கடலுக்கு வந்தால் அங்கேயும் படிக்கட்டு நெரிசல்தான்.

மிச்சம் இருந்தது இரண்டு இடம், ஒன்று மேலே, ஒன்று கீழே.

மேலே மொட்டை மாடி. நியூயார்க்காரர்கள் மொட்டை மாடியை 'தார் பீச்' என்பார்கள், தார் பூசிய தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு அதையே கடற்கரையாக நினைத்துக்கொள்வார்கள். ஜெர்ரி காஃபினும் கரோல் கிங்கும் எழுதி, டிரிஃப்டர்ஸ் குழு 1962-இல் வெளியிட்ட 'அப் ஆன் த ரூஃப்' அந்த மாடியைப் பற்றித்தான். கீழே தெருவில் மனுஷர்கள் பிடித்துத் தள்ளுகிறார்கள், நான் படியேறி மேலே போய்விடுகிறேன், அங்கே நட்சத்திரம் இலவசம், உனக்கும் இடம் இருக்கிறது வா என்று கூப்பிடுகிற பாட்டு. அதில் முன்குரல் ரூடி லூயிஸ். அலட்டாத, மெத்தென்ற குரல், நம் தோளைத் தொட்டுச் சொல்கிற மாதிரி இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அதே டிரிஃப்டர்ஸுக்கு இன்னொரு பாட்டு வந்தது, 'அண்டர் த போர்டுவாக்'. கென்னி யங்கும் ஆர்தர் ரெஸ்னிக்கும் எழுதியது. அதன் முதல் வரியே மொட்டை மாடியில்தான் ஆரம்பிக்கிறது. வெயிலில் மாடித் தார் உருகுகிறது, ஷூவுக்குள் கால் வேகிறது, அதனால் கடலுக்குப் போகலாம், போர்டுவாக்குக்கு அடியில் போர்வை விரித்து உட்காரலாம் என்கிறது. எந்தக் கடற்கரை என்று பெயர் கிடையாது. குதிரை ராட்டினத்தின் இசை, ஹாட் டாக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் மணக்கிற மணம், தலைக்கு மேலே ஆட்கள் நடக்கிற சத்தம், இவ்வளவுதான். எனக்கு அது கோனி ஐலண்ட்தான், வேறு எதுவாகவும் கேட்க வரவில்லை.

அந்தப் பாட்டையும் ரூடி லூயிஸ்தான் பாடுவதாக இருந்தது. 1964 மே 21-ஆம் தேதி ரெக்கார்டிங். 20-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். 27 வயது. ரெக்கார்டிங்கைத் தள்ளிப்போடவில்லை, ஜானி மூர் முன்னால் நின்று பாடினார். எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப்போன குரல் நின்றுபோன மறுநாள், அதே குழு, மாடி சுடுகிறது கீழே போகலாம் என்று பாடுகிறது. இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டு எனக்குச் சந்தோஷப் பாட்டாகக் கேட்பதே இல்லை. நீயும் கேட்டுப் பார், ஜானி மூர் அவசரமே படாமல், ஒரு சொல்லைக்கூட உரத்து எடுக்காமல் பாடுவார், வீட்டில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. அந்தக் கோடையில் ரேடியோ முழுக்க அது ஒலித்தது. அந்த சீசன் முடிந்ததும் ஸ்டீபிள்சேஸ் பார்க் நிரந்தரமாக மூடப்பட்டது.

சரி, உன் கட்டடத்துக்கு வருகிறேன். மாடிக் கதவில் அலாரம் வைத்திருக்கிறார்கள், திறந்தால் கத்தும் என்று சொன்னாய். என் கட்டடத்திலும் அப்படித்தான். அப்படியானால் போர்டுவாக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போன ஞாயிறு உன் போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கோனி ஐலண்டின் ஸ்டில்வெல் அவென்யூ ஸ்டேஷனில் இறங்கி, சர்ஃப் அவென்யூவைக் கடந்து, போர்டுவாக்கில் ஏறினேன். பலகைகள் சாய்வாக, மீன்முள் மாதிரி அடுக்கியிருக்கின்றன. நாலு பேர் நடக்கிற இடத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டாக, ஆழமாக, நிழலாக இருக்கும் என்று நினைத்தேன். மணல்தான் தெரிந்தது, மிகவும் பக்கத்தில். ஒரு ஐஸ்கிரீம் குச்சியும் ஒரு பாட்டில் மூடியும் கிடந்தன, விரல் விட்டால் தொட்டுவிடலாம் போல. 1990-களில் கடல் அரிப்புக்காக ராணுவப் பொறியாளர்கள் மணலைக் கொட்டிக் கடற்கரையையே உயர்த்தியதில் போர்டுவாக்குக்கு அடியில் இருந்த அந்த இடம் தூர்ந்துபோய்விட்டது. பாட்டு இருக்கிறது, பாட்டில் வருகிற இடம் இல்லை. எழுந்திருக்கவே மனசு வரவில்லை. ஒரு ரஷ்யப் பாட்டி நின்று, ஏதாவது விழுந்துவிட்டதா என்று சைகையால் கேட்டார், இல்லை என்று தலையாட்டினேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், உன் அம்மாவிடம் கேட்டால் மறுப்பாள். அவளுக்கும் உன் அப்பாவுக்கும் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. தாத்தா தனியாக அனுப்ப மாட்டார். பெசன்ட் நகர் பீச்சுக்குப் போக வேண்டும் என்றால் துணைக்கு நான். எனக்கு அப்போது பதினாலு வயது. அங்கே போனதும் அக்கா எனக்கு மாங்காய் பத்தை வாங்கிக் கொடுத்து, "அந்தப் பக்கம் போய் நின்னு தின்னுட்டு வா" என்பாள். படகு மறைவில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் அலையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தையாக, மெதுவாகத் தின்பேன். சீக்கிரம் தீர்ந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டுமே.

போர்டுவாக்கிலிருந்து பார்த்தால் ஒண்டர் வீல் தெரியும், 1920-இல் வந்த ராட்டினம், 150 அடி உயரம். 24 கூண்டு, அதில் 16 நிலையாக நிற்காது, சுற்றச் சுற்ற உள்ளே தண்டவாளத்தில் சரிந்து சரிந்து ஓடும். அதற்கு ஒரு கதை உண்டு. 1948-இல் டீனோ வூர்டெரிஸ் என்ற கிரேக்கர், ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்தவர், தன் காதலி லூலாவிடம் என்னைக் கட்டிக்கொண்டால் இந்த ராட்டினத்தையே உனக்கு வாங்கித் தருகிறேன் என்றாராம். கட்டிக்கொண்டார்கள். 1983-இல் வாங்கிவிட்டார்! 35 வருஷம். இன்றைக்கும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறது. இப்படியும் ஒருத்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான் என்பதை உன் காதில் போட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு தெரு தள்ளினால் மெர்மெய்ட் அவென்யூ. ஒக்லஹோமாவில் பிறந்து ஊர் ஊராகத் திரிந்த நாட்டுப் பாடகர் வுடி கத்ரி 1943-இல் அங்கே ஒரு சின்ன வீட்டில், பின்னால் அவர் மணந்துகொண்ட மார்ஜரியோடு குடியேறினார். குழந்தைகள் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, பக்கம் பக்கமாகப் பாட்டு எழுதினார், பலவற்றுக்கு மெட்டுக் குறித்து வைக்கவே இல்லை. 1967-இல் அவர் போனதும் அஸ்தியைக் கோனி ஐலண்ட் கடலில்தான் விட்டார்கள். மெட்டில்லாமல் கிடந்த வரிகள் சிலவற்றுக்கு பில்லி பிராகும் வில்கோ குழுவும் இசை போட்டு 1998-இல் வெளியிட்டபோது ஆல்பத்துக்கு அந்தத் தெருவின் பெயரையே வைத்தார்கள். நீ அதை ராத்திரி ஹெட்போனில் கேள், பகலில் கேட்காதே.

வருகிற ஞாயிறு கோனி ஐலண்டுக்கு எஃப் ட்ரெயினில் ஏறு. வார இறுதியில் தடம் மாற்றிவிடுவார்கள், கிளம்பும் முன் ஆப்பில் பார்த்துக்கொள். ஸ்மித் நைன்த் ஸ்ட்ரீட் வரும்போது ரயில் எல்லாக் கட்டடத்துக்கும் மேலே ஏறும், வலது பக்கம் தூரத்தில் சுதந்திர தேவி சிலை சுண்டுவிரல் அளவில் தெரியும், அதைத் தவறவிடாதே. நான் சர்ச் அவென்யூவில் ஏறிக்கொள்கிறேன், முதல் பெட்டியில் இரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெயில் இறங்கிவிடும். பிரைட்டன் பீச் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் கூட்டம் குறையும், கடலைப் பார்த்தபடி பெஞ்சுகள் இருக்கின்றன, பக்கத்தில் உட்காருகிற ரஷ்யத் தாத்தாக்களுக்குத் தமிழ் தெரியாது. நம் ஊரில் அப்போது விடியற்காலைதான், அந்தப் பக்கம் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல். நீ போனை எடுத்துக்கொண்டு உட்கார்.

போர்டுவாக்கில் மெக்சிகோக்காரப் பெண்கள் மாங்காயைப் பூப்போலச் செதுக்கி, குச்சியில் குத்தி, எலுமிச்சை பிழிந்து மிளகாய்ப்பொடி தூவித் தருகிறார்கள். நான் ஒன்று வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். மெதுவாகத்தான் தின்பேன்.

உன்
சித்தி