காகசஸின் குரலில் அதன் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட காகசஸ் பகுதி பற்றிய செய்திகளில் மாஸ்கோ என்ன எண்ணுகிறது, அங்காராவும் தெஹ்ரானும் எப்படிக் காய் நகர்த்துகின்றன என்பதே பேசப்படுகிறது. அங்கு வாழும் ஜார்ஜியர், ஆர்மீனியர், அஜர்பைஜானியர் வெறும் வரைபடக் கோடுகளாகிவிடுகின்றனர். இது பெரும் அநீதி.

1783இல் கிழக்கு ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லே, பாரசீகத்துக்கு அஞ்சி, ரஷ்யாவின் பாதுகாப்பை ஒப்பந்தமிட்டுப் பெற்றார். 1795இல் பாரசீக ஆட்சியாளர் ஆகா முகமது கான் ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியைச் சூறையாடியபோது ரஷ்யப் படை உதவிக்கு வரவில்லை. 1801இல் அதே ரஷ்யா அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. எரெக்லேயை ஏமாளி என்று ஒதுக்குவது எளிது. அவர் முன் இருந்த வழிகள் எத்தனை என்று கேட்பதே ஆய்வு. அதற்குப் பேரரசுகளின் ஆவணங்கள் மட்டும் போதா. ஜார்ஜிய, ஆர்மீனிய மூலங்களையும் படித்தவர்கள் எழுத வேண்டும்.

குலிஸ்தான் (1813), துர்க்மென்சாய் (1828) உடன்படிக்கைகளில் பாரசீகம் ரஷ்யாவிடம் இழந்த நிலங்கள் இன்றைய எல்லைச் சிக்கல்களுக்குப் பின்புலம் என்பதையும் நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது சென்னையில்தான்! தாயகம் பேரரசுகளின் பிடியில் இருந்தபோது, அதன் விடுதலை குறித்து இங்கிருந்த ஆர்மீனிய வணிகர்கள் சிந்தித்து, அச்சிட்டுப் பரப்பினர். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இதை ஆய்வுப் பொருளாக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இத்துறை அறிஞர்களிடம் தொடர் கட்டுரைகள் பெற்று வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர், திருச்சி