மொழியியலையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், நல்ல விஷயம்தான், ஆனால் மொழியியல் என்றொரு படிப்பு இருப்பதை அதில் ஒரு வரியாகக்கூட நான் பார்த்ததில்லை. நான் எம்.ஏ. படித்தது அதைத்தான். "எத்தனை பாஷை தெரியும்?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். பத்து மொழி பேசக் கற்றுத்தரும் படிப்பு அல்ல இது, தமிழ் இலக்கியமும் அல்ல.

'பம்பரம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ப வேறு, ம்-க்குப் பின்னால் வரும் ப வேறு. இந்தியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கு ஒன்றே போதும், ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதில் தமிழுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது (பஸ் மாதிரி கடன் வாங்கிய சொற்களில்தான் இடிக்கும்). யாரும் சொல்லித்தராமலே சின்னப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட ஒழுங்குகளை ஒலியிலும் சொல்லிலும் வாக்கியத்திலும் தேடுவதுதான் பாடம். ஒலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியல் என்ற பகுதியில் சொன்னதும் கிட்டத்தட்ட இந்தத் துறையின் வேலைதான். 1930-களில் எமனோ என்ற வெளிநாட்டு மொழியியலாளர் நீலகிரிக்கு வந்து, எழுத்தே இல்லாத தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்ததும் இதே துறை.

சரி, வேலை? கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் எதிர்பார்க்க முடியாது, அதை மறைக்க வேண்டாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடம், ஆனால் ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. அகராதி, பாடநூல், மொழி ஆவணப்படுத்தல் என்று வேலை நடக்கும் இடங்களில் 1969-இல் தொடங்கிய மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் முக்கியமானது. அப்புறம் கணினி. 'வந்துட்டிருக்கேன்' என்பதும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதும் ஒன்று என்று இயந்திரத்துக்குப் புரியவைக்க இலக்கணமும் தெரிந்து பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் கொஞ்சம் தெரிந்த ஆள் வேண்டும். பேச்சுப் பயிற்சி சிகிச்சையையும் மொழியியலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்குத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது, பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் நேராக அதற்கே போகலாம்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் மூன்றிலும் மொழியியல் துறை இருக்கிறது. எந்தப் பட்டம் முடித்தவர்களைச் சேர்க்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று உங்கள் நிருபர்கள் நேரில் கேட்டு எழுதினால் அடுத்த மே மாதம் யாருக்காவது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர்