பழமொழிக்கு எதற்கு வெள்ளையடிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழமொழிகளின் 'உண்மையான பொருள்' என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. அதை முதலில் படித்தவன் என் பேரன். "தாத்தா, நீங்க சொல்ற பழமொழி எல்லாம் தப்பாம்" என்று பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினான். அறுபது வருடமாகத் தப்பாகப் பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மண்குதிரையில் இருந்து தொடங்குகிறேன். 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்பதில் வருவது குதிரை இல்லையாம், 'மண் குதிர்' என்கிற மணல்திட்டாம். எனக்கு ஊர் சிங்கம்புணரிப் பக்கம். எங்கள் வட்டாரத்தில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். பிடிமண் கொடுத்து வேளாரிடம் சொல்லிவிட்டால், அவர் குதிரை செய்து சூளையில் சுட்டுக் கொடுப்பார். அதை ஊரே சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்துவோம். வரும்போது ராஜகம்பீரமாக வரும் குதிரை, நாலைந்து வருட மழை வெயிலில் காது உதிர்ந்து, வால் போய், பரிதாபமாக நிற்கும். இதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய் மண்குதிரை என்று ஒன்று கிடையாது என்றால் சிரிப்பார்கள். எங்களிடம் குதிரும் உண்டு. அது நெல் கொட்டி வைப்பது, வீட்டுக்குள் இருப்பது. 'எங்கப்பன் குதிருக்குள்ளே இல்லை' என்று கடன்காரனிடம் உளறிய பிள்ளை சொன்னது அந்தக் குதிரைத்தான்... பாருங்கள், 'குதிரை' என்று எழுதினால் எனக்கே குழம்புகிறது. சரி, குதிர் பக்கம் போகவேண்டாம்.

அடுத்தது கழுதை. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பதில் கழுதையே இல்லையாம். கழு என்று ஒரு கோரைப்புல்லாம், அதில் பாய் தைத்தால் கற்பூரம் மணக்குமாம், அதனால் 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பதுதான் சரியாம். அப்படியே வைத்துக்கொள்வோம். தெலுங்கில் கழுதைக்குச் சந்தன வாசனை தெரியுமா என்கிறார்கள். கன்னடத்தில் அதே கழுதைக்குக் கஸ்தூரி. இந்தியில் கழுதையை விட்டுவிட்டுக் குரங்குக்கு இஞ்சியின் ருசி தெரியுமா என்று கேட்கிறார்கள். அந்த ஊர்க் கழுதைகளை எல்லாம் எந்தக் கோரைப்புல்லில் கட்டுவது? பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் 1874-இல் சென்னையில் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் பழமொழிகள் இருக்கின்றன. அதில் 'கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை' என்றே இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலும் கழுதை கழுதையாகத்தான் இருந்திருக்கிறது.

இந்தப் பழமொழியை எங்கள் வீட்டில் நான் முதலில் கேட்டது சிங்கப்பூரில் இருந்து வந்த சித்தப்பா வாயில். அவர் கொண்டுவந்த சென்ட் பாட்டிலை முகர்ந்து பார்த்த அப்பத்தா, "என்னடா இது, மூட்டைப்பூச்சி மருந்தா?" என்று கேட்டுவிட்டார். சித்தப்பாவுக்கு ரோஷம். கழுதை கற்பூரம் என்று ஆரம்பித்தார். அப்பத்தா அசரவில்லை. "கழுதைக்கு ஊருப்பட்ட சோலி கிடக்கு. கற்பூரத்தை மோந்துக்கிட்டு நிக்கவா முடியும்?" என்றார். பழமொழிக்கு உயிர் இருந்தது அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான். அதில் கோரைப்பாயை விரித்தால் என்ன மிஞ்சும்?

சட்டியை சஷ்டி ஆக்கியதும் இதே கதைதான். சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று பொருளாம், அகப்பை என்றால் கருப்பையாம். எங்கள் பக்கம் பாதிப் பேர் 'பானையில இருந்தாத்தான் அகப்பையில வரும்' என்பார்கள். பானைக்கு என்ன திதி? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளை அரசமரத்தைச் சுற்றவிட்டதும் அப்படியே. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதையும் விட்டுவைக்கவில்லை. 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்று திருத்தியாகிவிட்டது. ஆயிரம் மூலிகை வேர் தெரிந்தும் அரை வைத்தியன்தானா, பாவம்! அது வைத்தியரைக் கிண்டல் செய்யப் பிறந்த பேச்சு. கிண்டலைப் பிடுங்கிவிட்டு வேரை நட்டால் முளைக்காது.

முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது தொல்காப்பியம் சுருக்கத்தையும் ஒளியுடைமையையும் சேர்த்தே சொல்கிறது. சட்டென்று விளங்க வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன். எழுத்தைப் பிரித்து, புல்லைத் தேடி, அகராதியைப் புரட்டி, ஒரு பக்கக் கட்டுரை எழுதினால்தான் விளங்கும் என்றால் களத்துமேட்டில் நின்று அதை யார் சொல்லியிருப்பார்கள்?

எல்லா விளக்கமும் பொய் என்று சொல்ல வரவில்லை. காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பதற்கு, குழித்தறியில் உட்கார்ந்து கால் மாற்றி மிதித்து நெய்கிற பிழைப்பு என்று உங்கள் பக்கத்தில் சொல்லியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அது அந்த ஊர்த் தொழிலில் இருந்து வருகிறது. தறியை நேரில் பார்த்தவருக்கு உடனே புரியும். ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் அதைச் சொன்ன ஊருக்குப் போகவேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

எனக்கு உண்மையில் வருத்தம் வேறு இடத்தில். 'பெண் புத்தி பின் புத்தி' என்பதற்குப் 'பின்னால் வரப்போவதை முன்னால் அறியும் புத்தி' என்று போட்டிருக்கிறீர்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா ஏதாவது யோசனை சொன்னபோதெல்லாம் அப்பா அதைச் சொல்லி வாயடைத்தாரே, அது பாராட்டா? நிலம் விற்க வேண்டாம் என்று அம்மா சொன்ன அன்றும் இதைத்தான் சொன்னார். விற்றோம். அப்புறம் அந்த நிலத்தைப் பார்த்தபடி பஸ்ஸில் போய் வந்தோம். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பதில் வருவது இறைவன் திருவடி என்கிறார்கள். எனக்கு அந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டே புளியவிளாறால் விளாசிய வாத்தியார் எந்தத் திருவடியையும் நினைத்ததாகத் தெரியவில்லை. நம் முன்னோர் சில கெட்ட பேச்சும் பேசியிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லி அதைப் பேச்சில் இருந்து எடுத்துவிடுவோம். வெள்ளையடித்து வரவேற்பறையில் வைப்பானேன்?

அந்தப் பக்கத்தை வேறு விதமாக நிரப்பலாம் என்று எனக்கு ஒரு யோசனை. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வந்தது. அதைப் போலப் பெரிதாக வேண்டாம், வாரம் ஒரு சின்னக் கட்டம் போதும். எந்த ஊர்ச் சொலவடை, யார் யாரிடம் சொன்னது, என்ன சண்டையில் சொன்னது என்று வாசகர்களையே எழுதச் சொல்லுங்கள். பெர்சிவலிடம் பழமொழி கிடைக்கிறது, அதைச் சொன்ன ஆள் கிடைக்கவில்லை. எங்கள் அப்பத்தா 'எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?' என்று சொன்னால், கல்யாண வீட்டில் வேலையே இல்லாமல் வெயிலில் அலைகிற என் பெரியப்பா மகனைத்தான் சொல்கிறார் என்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தனியாக அச்சடித்தால் அது எலிப்புழுக்கை மட்டும்தான்.

ஊருக்கு ஊர் மாறுவதே ஒரு ருசி. பேய்க்கு வாக்கப்பட்டால் எங்கள் வீட்டில் புளியமரம் ஏற வேண்டும், என் மனைவி வீட்டில் முருங்கைமரம். எந்த மரத்தில் பேய் இருக்கும் என்று கல்யாணம் ஆன புதிதில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. முருங்கையில் ஏறினால் கிளை முறியும், பேய்க்கு அந்தப் புத்தி கூடவா இருக்காது என்று நான் கேட்டேன். பேயைக் கட்டிக்கொண்டவளுக்கு அதைப் பார்க்கவா முடியும் என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் திருநெல்வேலிப் பக்கம். வந்த இரண்டாம் நாள் கிழிந்த குடை ஒன்றைக் காட்டி, "அந்தச் சவத்தை அங்கன போட்டுருங்க அத்தை" என்றார். எங்கள் அம்மா வெலவெலத்துப் போய்விட்டார். அங்கே சவம் என்பது குடைக்கும் சொல்வது, குழந்தைக்கும் செல்லமாகச் சொல்வது, அலுப்பில் தன்னையே சொல்லிக்கொள்வது என்று புரிய எங்கள் வீட்டுக்கு ஆறு மாதம் பிடித்தது. இப்போது அம்மா போய்விட்டார். ஆனால் கடைசி வருடங்களில் மாத்திரை டப்பா கையில் அகப்படாதபோதெல்லாம், "அந்தச் சவம் எங்கன கிடக்கோ" என்று அவரே தேடியது இன்னும் காதில் இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் நெல்லைப் பேச்சு குடியேறிய விதம் இது.

அப்பத்தா சொன்னவற்றில் நினைவில் நின்றதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் அந்தக் கட்டத்தை ஆரம்பித்தால் நோட்டை அனுப்பி வைக்கிறேன். பாதிக்கு மேல் அச்சில் ஏற்ற முடியாத சங்கதி. அந்தப் பக்கங்களை மட்டும் ஊசி நூலால் தைத்து அனுப்புவேன், உங்கள் அலுவலகத்தில் வயதானவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்கம்புணரி வட்டம், சிவகங்கை மாவட்டம்