ஏழாவது வரிசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

நீ அனுப்பிய, அளவெல்லாம் எழுதும் லாக்புக் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி, ஷிஃப்ட், மெஷின் நம்பர், டிராயிங் எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எழுத்துவரை எழுதியிருக்கிறாய். பயிற்சிக்குப் போன முதல் மாதத்தில் ரிவிஷனைக் கவனிப்பவர்கள் குறைவு. பழைய டிராயிங்கை வைத்து ஒரு தொகுதியை, லாட் முழுவதையும் ஓட்டிவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம். அப்பா அந்தப் படத்தை யார் யாரிடம் காட்டினாரோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை "வேலை எப்படிம்மா போகுது" என்று கேட்டதற்கு "போகுது" என்றாய். அவ்வளவு படித்தவளுக்கு ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. இருக்கட்டும். நான் நாலு விஷயம் எழுதுகிறேன், எல்லாம் உனக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றிய கையோடு ஜாப்பை, கடைந்த உருப்படியை, அளக்காதே. உன் ஷாஃப்ட் 20 மி.மீ., டாலரன்ஸ் h7, சின்ன எச். மேல் எல்லை 20.000, கீழ் எல்லை 19.979. உனக்கு இருப்பதே 0.021 மி.மீ. இடம். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் (0.0115 மி.மீ.) விரியும். டிராயிங்கில் இருக்கும் அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு. ஜாப் 50 டிகிரியில் இருந்தால் 20 மி.மீ. விட்டம் 0.007 பெரிதாகக் காட்டும். அதாவது சூட்டில் 19.981 என்று அளந்து "ஓகே" போட்டது, ஆறிய பிறகு 19.974 ஆகிவிடும். இதில் யாருடைய கைத்தவறும் இல்லை, சூட்டின் வேலை. ஆனால் ஷாஃப்ட் அளவு கூடியிருந்தால் இன்னொரு கட் எடுக்கலாம், குறைந்துவிட்டால் ஸ்கிராப்தான்.

வெர்னியரை இதற்கு எடுக்கவே எடுக்காதே. அதன் ஒரு கோடு 0.02 மி.மீ., உன் டாலரன்ஸ் மொத்தமும் ஏறக்குறைய அந்த ஒரு கோட்டோடு முடிந்துவிடும். மைக்ரோமீட்டரை எடுத்ததும் இரண்டு முகத்துக்கும் நடுவே சுத்தமான காகிதத்தை லேசாகப் பிடித்து உருவு, தூசியும் எண்ணெயும் அதோடு வந்துவிடும். பிறகு மூடி சீரோ பார். முனைத் திருகான ராட்செட்டை இரண்டு மூன்று 'டிக்' கேட்கும்வரைதான் திருப்ப வேண்டும். அழுத்தித் திருப்பினால் குறைத்துத்தான் காட்டும். ஜாப்பின் ஓரத்தில் பர், அதாவது வெட்டுப் பிசிறு இருந்தால் முதலில் அதை எடு, இல்லையென்றால் நீ அளப்பது பர்ரைத்தான். ஃப்ரேமை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நிற்காதே, கைச்சூடும் சூடுதான்.

தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள். லேத் பக்கத்தில் கையுறை வேண்டாம், சுழல்வது கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சக்கை இறுக்கும் சக் கீயை சக்கில் விட்டுவிட்டு ஒரு நொடிகூட நகராதே. கடையும்போது வரும் இரும்புச் சுருளைக் கையால் எடுக்காதே. ஜாப்பை ஆறவிட்டு அள, சொல்லிவிட்டேன் இல்லையா?

அளவு போய்விட்டது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது இதுதான். மெஷினை நிறுத்து. கடைசியாகச் சரியாக அளந்த ஜாப்புக்குப் பிறகு வந்த அத்தனையையும் தனியாக எடுத்து சிவப்பு டேக் கட்டு. பத்துக்கு ஒன்று அளக்கிறாய் என்றால் பத்தையும் எடு, சந்தேகப்பட்டதை மட்டும் அல்ல. உடனே சூப்பர்வைசரிடம் போ. "சார், ஏதோ பிரச்சனை மாதிரி இருக்கு" என்று இழுக்காதே. எந்த ஜாப், எந்த விட்டம், என்ன வரவேண்டும், என்ன வந்தது, எத்தனை தனியாக வைத்திருக்கிறாய், இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல். திட்டுவார், திட்டட்டும். அந்த நிமிடத்தில் சொன்னால் பத்து ஜாப்போடு போகும். ஷிஃப்ட் முடிந்து சொன்னால் லாட் முழுவதும் பிரித்து அளக்க வேண்டும். பேரிங் ஏறிய பிறகு என்றால் அசெம்ப்ளியைக் கழற்ற வேண்டும்.

லாக்புக்கில் தப்பாக எழுதிவிட்டால் அதன் மேலேயே திருத்தி எழுதக் கூடாது. ஒற்றைக் கோடு போடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம், தேதி.

இத்தனை வருஷம் இன்ஸ்பெக்ஷனில் பேனா பிடித்த கண்ணுக்கு 4-இன் தலையை மூடி 9 ஆக்கியது தெரியாமல் போகாது பாப்பா. ஏழாவது வரிசை. மற்ற 9 எல்லாம் வட்டமாக எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் மூலை இருக்கிறது.

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட ஆரம்பித்துத்தான் மூன்று தாளைக் கிழித்தேன். நாலாவதில் அந்த ரேடியோ ஞாபகம் வந்தது. நீ வந்து சொன்னபோது நான் என்ன செய்தேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு உடைந்தது எதையும் நீயாக வந்து சொன்னதில்லை. நானாகக் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்ததைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் அடி, மறைத்தால் ஒன்றுமில்லை என்பதை நான்தான் கற்றுக்கொடுத்தேன். கல்லூரி அல்ல, நான்.

அந்த ஜாப் இன்னும் ரேக்கில் இருந்தால் எடுத்து, மைக்ரோமீட்டர் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் வை. இரண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும். மூன்று இடத்தில் அள, ஒவ்வொரு இடத்திலும் 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை. சூப்பர்வைசரிடம் எப்போது போவது என்பதை நீயே முடிவு செய், நாளைக்குள் என்றால் நல்லது. எனக்கு ஆறு எண்ணை மட்டும் அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அம்மா