சுகம் கிடைக்காத வீட்டிலிருந்து ஒரு சாட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெபத்தால் நோய் குணமாகும் என்று நடத்துகிற சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கடிதங்களைப் படித்தேன். சுகம் கிடைத்தவர்கள் எழுதியிருந்தார்கள், ஸ்தோத்திரம். கிடைக்காத வீட்டிலிருந்தும் ஒரு கடிதம் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் விளங்காது, பேச்சும் வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்பதால் ராத்திரியிலும் அலாரம் வைத்துத்தான் தூங்குகிறேன். ஆனால் என்னை உடைத்தது இந்த வேலை இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஜெபம் பண்ணி முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "விசுவாசம் பத்தலையோ, அறிக்கை செய்யாத பாவம் ஏதும் இருக்கோ" என்று கேட்டுவிட்டுப் போவார்கள் பாருங்கள், அதுதான். முதல் இரண்டு வருஷம் அதை நானும் நம்பி, என்னிடம் என்ன குறை என்று தேடித் தேடி அழுதிருக்கிறேன்.

அப்போஸ்தலர் பவுல், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. என் கிருபை உனக்குப் போதும் என்றுதான் பதில் வந்தது. அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்வோமா? அதே பவுல் காவலில் இருந்துகொண்டு பிலிப்பி சபைக்கு எழுதுகிறபோது, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடு இருக்க, கற்றுக்கொண்டேன் என்கிறார். கற்றுக்கொண்டேன்! சின்ன வயசிலிருந்து வாசித்த வசனம், அந்த வார்த்தையைக் கவனித்ததே இல்லை. அப்படியானால் அவருக்கும் நாள் பிடித்திருக்கிறது.

எங்கள் பக்கத்து டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். சுகமாய் இருக்கிறவர்கள் எழுதுகிற ஆறுதல் நோயாளிக்கு ஒட்டுவதில்லை என்று கண்டு, நோயாளிகளுக்கென்று படுக்கையிலிருந்து தானே கடிதங்கள் எழுதினார். அதை அறிந்த அன்று எனக்கு ஒரு துணை கிடைத்தது போல இருந்தது.

மருந்துச் செலவு குறையவில்லை, என் இடுப்பு வலியும் போகவில்லை. ஆனாலும் ஒரு ராத்திரி அவரைப் புரட்டும்போது ஒரு பழைய கீர்த்தனையை மெதுவாகப் பாடினேன், பேச வராத மனுஷன் கூடவே பாடினார், வார்த்தை பிசகாமல். பக்கவாதத்தில் பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு வரும் என்று டாக்டர் சொன்னார், சரி, இருக்கட்டும். எனக்கு அது கர்த்தர் கொடுத்ததுதான். இப்போது ராத்திரி இரண்டு மணி அலாரம் அடித்தால் முன்போல மனம் கசப்பதில்லை. இருவரும் ஒரு சரணம் பாடிவிட்டுத்தான் படுக்கிறோம்.

சபை மக்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களைப் போன்ற வீடுகளுக்கு வந்தால் காரணம் தேடாதீர்கள். அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள், ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், நான் அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு வாசகி,
நாங்குநேரி வட்டம்