பெட்டியில் என்ன ரப்பர் என்று எழுதுங்கள்: பழைய லாரிகளுக்கு உதிரிபாகம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய லாரிகளுக்கான உதிரிபாகங்களைத் தயாரிக்கும், தருவிக்கும், விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

என்னிடம் இருப்பது 1950ஆம் ஆண்டு செவர்லே அரை டன் லாரி. ஆறு சிலிண்டர், ஆறு வோல்ட் பேட்டரி, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். இந்த வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. உங்கள் விலைப்பட்டியலில் இதற்கென்றே பக்கம் பக்கமாகச் சாமான்கள் இருக்கின்றன. பதினோரு வருடமாக உங்களில் பலரிடம் மாறி மாறி வாங்கி வருகிறேன். சரியில்லாததைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்வேனே தவிர, புகார் என்று ஒரு வரி எழுதியதில்லை. இந்த முறை அப்படி விட மனம் ஒப்பவில்லை.

போன மாதம் ஒரு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் லோடு இல்லை. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கீழே வளைவு தெரிந்ததும் பிரேக்கில் கால் வைத்தேன். வழக்கமாகப் பாதி தூரத்தில் கெட்டியாக நிற்கும் பெடல், அன்று நிற்காமல் பலகையைத் தொட்டது. விட்டு விட்டு மிதித்தேன். பம்ப் ஏறவே இல்லை. கியரைக் குறைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, ஓரத்துச் சக்கரங்களை மண்மேட்டில் ஏற்றி உரசவிட்டு நிறுத்தினேன். "என்னப்பா ஆச்சு?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தால், முன்சக்கரம் ஒன்றின் உள்பக்கம் முழுக்க பிரேக் ஆயில் வழிந்து, டயரின் மேல் கோடு கோடாக இறங்கியிருந்தது.

ஒரே லைன் உள்ள வண்டியில், சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் 1960களின் பிற்பாதியில்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்திய வண்டியை ஓட்டுகிறவன் உயிர், ஒவ்வொரு சக்கரத்தின் சிலிண்டருக்குள்ளும் ஆயில் ஒழுகாமல் அடைக்கும் கட்டைவிரல் அகல ரப்பர் கப்பை நம்பி இருக்கிறது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த சிலிண்டர் புதியது. உங்களில் ஒருவரிடம் வாங்கி நான்கு சக்கரத்திலும் நானே மாட்டி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு இழுத்து வந்து பிரித்தேன். கப் உப்பிப்போய், சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. நெம்பி எடுத்து விரலிடையில் அழுத்தினேன். கெட்டியாகத் துள்ள வேண்டிய ரப்பர் ஊறிய தோல்போல நசுங்கியது. விரலில் மைபோலக் கறுப்பு ஒட்டியது. அதன் உதட்டில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிழிசல். டார்ச் அடித்து சிலிண்டருக்குள் பார்த்தேன். லேத்தில் கடைந்த வரிகள் அப்படியே இருந்தன. ஹோனிங் செய்து வழவழப்பாக்கவே இல்லை. உப்பி மெத்தென்றான உதடு அந்த வரிகளில் ஒவ்வொரு மிதிக்கும் தேய்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு வாரம் முன்பே அந்தச் சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடாக இருந்ததைக் கவனித்தேன். டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூவை இறுக்கமாக அட்ஜஸ்ட் செய்துவிட்டோம் என்று நினைத்துச் சற்றுத் தளர்த்திவிட்டேன். உண்மையில் உப்பிய கப் பின்னால் வராமல், ஷூவை டிரம்மோடு பிடித்து வைத்திருந்திருக்கிறது. இதை எனக்கு அப்போது யார் சொல்வது? பெட்டியில் ஒரு எழுத்துகூட இல்லையே.

விற்றவரிடம் படங்களோடு கேட்டேன். "தவறான பிரேக் ஆயில் ஊற்றியிருப்பீர்கள்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. நான் ஊற்றியது கிளைக்கால் என்ற வேதிப்பொருளில் செய்த வகை, டாட் 3 தரம். மூடி திறக்காத புது டப்பா. பதிலைப் படித்ததும் கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோதித்துப் பார்த்தேன். அதே செட்டில் மிச்சமிருந்த பயன்படுத்தாத கப் ஒன்றையும், வேறொரு தயாரிப்பாளரின் கப் ஒன்றையும் வெர்னியரில் அளந்து, இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் அதே டப்பா ஆயிலை ஊற்றிப் போட்டு வைத்தேன். முப்பது நாள் கழித்து எடுத்தேன். வேறொருவருடையதில் மாற்றம் 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தது. எனக்கு வந்த செட்டின் கப் விட்டத்தில் 2.3 மில்லிமீட்டர் கூடியிருந்தது. குப்பியின் அடியில் கறுப்பு வண்டல்.

காரணம் உங்கள் தொழிற்சாலையில் இருக்கும் யாருக்கும் தெரிந்ததுதான். கிளைக்கால் பிரேக் ஆயிலுக்கு ஈ.பி.டி.எம். ரப்பரோ எஸ்.பி.ஆர். ரப்பரோ வேண்டும். என்ஜின் ஆயிலுக்கும் டீசலுக்கும் தாங்கும் நைட்ரைல் ரப்பர், பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடும். அதேபோல் ஈ.பி.டி.எம். ரப்பரில் மினரல் ஆயில் பட்டால் அதுவும் கெட்டுவிடும். பார்வைக்கு எல்லாமே ஒரே கறுப்பு. கையில் வைத்துப் பார்த்துச் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது. செய்தவர் சொன்னால்தான் உண்டு.

அதனால்தான் கேட்கிறேன். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் போகும் ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும், என்ன ரப்பர் அல்லது என்ன உலோகம், என்ன அளவு, எந்த மாதம் எந்த வருடம் செய்தது, எந்த பேட்ச் என்று எழுதுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பேரிங் செய்கிறவர்கள் இதை எத்தனையோ காலமாகச் செய்கிறார்கள். 6203 என்று பொறித்த பேரிங் எங்கே வாங்கினாலும் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர்தான். என் லாரியில் எனக்குத் தலைவலி தராத சாமான் பேரிங் ஒன்றுதான். டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு முதல் அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கிறது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டயரும் ரப்பர்தான், பிரேக் கப்பும் ரப்பர்தான். அதற்குப் பிறந்த தேதி உண்டு என்றால் இதற்கு ஏன் இல்லை?

தேதி இல்லாததால் இன்னொரு வகையிலும் ஏமாறுகிறோம். "பழைய ஸ்டாக், அந்தக் காலத்து ஒரிஜினல்" என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறீர்கள். கியர் சக்கரமோ கண்ணாடியோ என்றால் மகிழ்ச்சியாக வாங்குவேன். ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்த ரப்பர் கப்பையும் அதே பெயரில் விற்கலாமா? ரப்பர் வண்டியில் ஓடாவிட்டாலும் வயதாகும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டருக்குள் போய் அழுத்தம் ஏறியதும் தெரியும்.

அளவு என்று கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் "1947 முதல் 1955 வரை பொருந்தும்" என்று போட்டிருக்கிறது. பிரேக் ஷூவுக்கும் அதே வரிதான். இந்த அரை டன் வண்டிகளில் 1950 வரை ஹக் பிரேக், 1951இல் பெண்டிக்ஸ் பிரேக் என்று அமைப்பே மாறியது உங்களுக்குத் தெரியாததா? என் வண்டிக்கு நீங்கள் அனுப்பிய ஷூ பெண்டிக்ஸுக்கானது. திருப்பி அனுப்பி, மறுபடி வந்ததும் அதுவே. 1955 மாடல் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அந்த வருடத்திலேயே மார்ச் மாதம் வண்டி முழுதாக மாறிவிட்டது. அதற்கு முன் வந்தது பழைய உடல், 6 வோல்ட். அதற்குப் பின் வந்தது புது உடல், 12 வோல்ட். "1955" என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்குப் புரியும்?

பிரேக்கை விட்டாலும் கதை அதேதான். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு கண்டன்சர் ஐந்து வாங்கினேன். சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியவற்றில் இரண்டு கண்டன்சர்கள் மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை, இன்னொன்று என்ஜின் சூடானதும் செத்தது. என் டேஷ்போர்டு அறையில் வைத்திருப்பது முன்னொரு காலத்தில் கழற்றிய பழைய கண்டன்சர். புதியது கைவிட்டால் அதுதான் வீடு சேர்க்கிறது. பெட்ரோல் பம்ப் டயாபிரம் வாங்கினால், எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குமா என்று சொல்ல ஆள் இல்லை. முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் செட் ஒன்று வந்தது. மேல்தோல் கடினமேற்றிய பின்னில் அரம் வைத்தால் வழுக்க வேண்டும். மாட்டும் முன் ஓரத்தில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தேன். அரம் கடித்தது, பொடி உதிர்ந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் பின் அது. அதை மாட்ட எனக்குத் துணிவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

இவ்வளவு பழைய வண்டியை ஏன் ஓட்டுகிறாய், மாற்றிவிடு என்று சிலர் சொல்வார்கள். உங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவரே என்னிடம் போனில் சொன்னார். பழுது பார்த்தால் இன்னும் முப்பது வருடம் ஓடக்கூடிய இரும்பை உருக்கப் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. செய்த காலத்தில், திறந்து பார்க்கலாம், கழற்றலாம், தேய்ந்ததை மட்டும் மாற்றலாம் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பானர் போக இடம் விட்டிருக்கிறார்கள். வாங்குகிறவன் கையைத் தடுக்கும் சாமான்களாகவே இப்போது வீடு முழுக்க நிறைகிறது. ஒரு சின்ன பாகம் போனால் முழுதையும் குப்பையில் போடச் சொல்கிறார்கள். அந்தப் போக்கை எதிர்த்து நிற்கும் தொழில் உங்களுடையது என்று நம்பித்தான் இத்தனை வருடம் உங்களிடம் வந்தேன். ஐந்து மாதத்தில் கிழியும் கப்பைச் செய்து அந்த நம்பிக்கையை நீங்களே உடைத்தால் நாங்கள் வேறு எங்கே போவது?

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. வாங்குகிற ஆட்கள் குறைவு. அச்சு செய்யும் செலவை ஆயிரம் கப்பில் எடுக்க வேண்டும். குறைந்த விலைக்கு யார் செய்து தருவார்கள் என்று நீங்கள் தேடுவதும், அங்கே எந்த ரப்பரை ஊற்றுகிறார்கள் என்பது உங்களுக்கே சரியாகத் தெரியாமல் போவதும் அதனால்தான். விலையைக் கூட்டுங்கள், இரண்டு மடங்கானாலும் வாங்குகிறேன். என்னைப் போல் இந்த வண்டிகளை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பம்பர் குரோமில் ஒரு புள்ளி இருந்தால் பொறுத்துக்கொள்வோம். கதவுத் தகடு அந்தக் காலத்துத் தகட்டைவிட மெல்லியதாக இருந்தாலும் தட்டிச் சரிசெய்துகொள்வோம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் மட்டும் எங்களால் பொறுக்க முடியாது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பெட்டியில் எழுதுங்கள்: எந்த ரப்பர், எந்த உலோகம், எந்த அளவு, எந்த மாதம், எந்த பேட்ச். எழுத முடியாத சரக்கு கையில் இருந்தால், தயவுசெய்து அதை விற்காமல் நிறுத்துங்கள். எனக்கு வந்த அதே பேட்ச் வீல் சிலிண்டர்கள் இன்னும் எத்தனை வண்டிகளில் ஓடுகின்றன என்பது உங்கள் விற்பனைக் கணக்கில் இருக்கும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு போன் போட்டு, டிரம் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதை இந்த வாரமே செய்யுங்கள். மற்றதற்குக் காத்திருக்கிறேன்.

விற்றவருக்கு இரண்டு குப்பிகளையும் இந்த மடலின் நகலோடு தனியாக அனுப்பியிருக்கிறேன். மூடியில் தேதியும் ஆரம்ப அளவும் எழுதி ஒட்டியிருக்கிறது. தயவுசெய்து திறந்து, உங்கள் ஆட்களையே அளக்கச் சொல்லுங்கள். என் லாரி நான்கு சக்கரமும் கழற்றிய நிலையில் கட்டைமேல் நிற்கிறது. இப்படி எழுதிய பெட்டியில் வீல் சிலிண்டர் எவரிடமிருந்து முதலில் வருகிறதோ, அவரிடம் நான்கும் வாங்கி மாட்டிவிட்டு இறக்குகிறேன்.

இப்படிக்கு,
1950 செவர்லே அரை டன் லாரி ஒன்றின் உரிமையாளர்